மகரந்தக் காவலர்

“மனித குலத்தின் எதிர்காலம் ஒரு சோளமணியின் வயிற்றுக்குள் சுருண்டு படுத்திருக்கிறது. அதைத் தட்டி எழுப்பும் பொறுப்பை வரலாறு நம் கையில் ஒப்படைத்திருக்கிறது!”

டாக்டர் சிவானந்தம் பெல்வார்டு தோட்டத்துக் கோயில் மண்டபத்தில் இப்படி முழங்கியது எண்பத்து நாலாம் வருஷம். வரலாறு அப்போது மண்டபத்துக்குப் பின்னால் மீ கோரிங் நூடுல்ஸ் பொட்டலம் கட்டிக்கொண்டிருந்தது. பேச்சு முடிந்த பிறகுதான் பொட்டலம் என்று கண்டிப்பாகச் சொல்லியிருந்ததால், தோட்டத்து ஜனங்கள் மனித குலத்தின் எதிர்காலத்தை மிகவும் பொறுமையாகக் கேட்டார்கள்.

டாக்டர் சிவானந்தம் தானியப் புரதத் தர உயர்வுக் கழகத்தின் இயக்குநர். இவ்வளவு நீளமான பெயர் யார் வாயிலும் நுழையாததால் எல்லாரும் ‘புரோட்டின் ஆபீஸ்’ என்றார்கள். கோலசிலாங்கூரிலிருந்து பத்தாங் பெர்ஜுந்தை போகிற வழியில், ரப்பர்ப் பால் தந்த கித்தா மரங்களை வெட்டிவிட்டு, எண்ணெய்க்கான செம்பனைக் கன்று நட்டிருந்த நிலத்தில், கன்றுகள் தலையெடுக்கும் வரை நடுவில் சோளம் போட்டுக்கொள்ளக் கழகம் அனுமதி வாங்கியிருந்தது. பழைய பால் கொட்டகைக்கு வெள்ளையடித்து ஆபீஸ் ஆக்கினார்கள். ஏர்கோன் ஒன்று வந்தது. அது சோதனை எலிகளின் அறைக்கு. சோளம் தின்று எடை கூடவேண்டிய எலிகளுக்கு வியர்க்கக்கூடாதாம். ஊழியர்களுக்கு வியர்க்கலாம்.

சேது, தோட்டத்தில் புல்லுக்கு மருந்தடிக்கிறவன். கதவோரமாக நின்றவன் என்ற ஒரே தகுதியால், பொட்டலம் வாங்குவதற்கு முன்பே அவனைக் கழகம் வாங்கிவிட்டது. முதுகில் சுமந்த மருந்துத் தோம்பை இறக்கி வைத்துவிட்டு மறுநாளே ஆபீசுக்கு வரச்சொன்னார்கள். முதுகு வலி போய்விடும் என்று சந்தோஷமாகப் போனான்.

அங்கே ஆய்வுக்கூட அதிகாரி கலாவதி அவனுக்கு விஷயத்தை விளக்கினாள். ரவாங்கிலிருந்து தினமும் பஸ் ஏறி வருகிற பெண். கழகத்தில் சோளத்தைப் பற்றிப் படித்தவள் அவள் ஒருத்திதான். இயக்குநர் டாக்டர் பட்டம் வாங்கியது, கூட்டங்களை முறையாக நடத்துவது எப்படி என்ற ஆராய்ச்சிக்கு.

“அண்ணே, சோளத்துல புரோட்டின் இருக்கு. ஆனா அரைகுறை. உடம்பு சதை போடறதுக்கு லைசின்னு ஒரு சத்து வேணும், அது அதுல பத்தாது. நாம கொண்டு வந்திருக்க விதையில ஒரு மரபணு இருக்கு. அது இருந்தா அந்தச் சத்து கூடும்.”

“அப்ப நல்லதுதானே மிஸ்.”

“நல்லதுதான். ஆனா ரொம்பக் கூச்சம் புடிச்ச மரபணு. அப்பன் வழியிலும் வரணும், ஆத்தா வழியிலும் வரணும். ஒரு பக்கத்துலேருந்து மட்டும் வந்தா தலையே காட்டாது. பக்கத்துல இருக்க ஊர்ச் சோளத்துப் பூத்தூள் காத்துல வந்து நம்ம கதிர்ல விழுந்துச்சுன்னா, அந்த மணி வெறும் ஊர்ச் சோளம்தான்.”

சேது தலையாட்டினான். தலையாட்டி முடித்தபோதுதான் உறைத்தது. அவன் குடியிருந்த லயத்து வீட்டுக்குப் பின்னால், சாக்கடைக்கும் செம்பனைக்கும் இடைப்பட்ட நிலத்தில், நெஞ்சுயரத்துக்கு ஊர்ச் சோளம் நின்றுகொண்டிருந்தது. அது அவன் பெண்டாட்டி அம்சவள்ளியுடையது.

அம்சவள்ளியின் சோளம் சாதாரண விஷயமில்லை. சனி ஞாயிறுகளில் கோலசிலாங்கூர் பஸ் நிலையத்து அங்சானா மரத்தடியில் பெரிய பானையை வைத்து, உப்புப் போட்டு அவித்து விற்பாள். பாசிர் பெனம்பாங்குக்கு நண்டு சாப்பிடப் போகிறவர்கள் காரை நிறுத்தி வாங்குவார்கள். அந்த மரத்தடிக்குப் பத்திரமும் கிடையாது, லைசன்சும் கிடையாது. இடம் யாருடையது என்பதற்கு ஒரே சாட்சி அங்கே பானை இருப்பதுதான். இரண்டு வாரம் பானை இல்லையென்றால், எதிர்ப்பக்கம் வெயிலில் பீசாங் கோரிங் என்று வாழைப்பழம் பொரித்து விற்றுக்கொண்டிருந்த புஷ்பவள்ளி அடுப்பைத் தூக்கிக்கொண்டு வந்துவிடுவாள். அந்த நிழலை அவள் மூன்று வருஷமாகப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அன்று சாயந்திரம் சேது மென்று விழுங்கி விஷயத்தைச் சொன்னான்.

“வெட்டணுமா? ஏன், என் சோளம் அவுங்களுக்கு என்னா செஞ்சுச்சு?”

“அது ஒண்ணும் செய்யல. அதோட பூத்தூள்தான்... அவுங்க மரபணு கூச்சப்படுதாம். ரெண்டு பக்கமும் சொந்தமா இருந்தாத்தான் வருமாம்.”

“ஓ, ரெண்டு வீட்டுக்காரங்களும் தனித்தனியா பத்திரிக்கை வச்சாத்தான் கல்யாணத்துக்கு வருவாரே உங்க சித்தப்பா, அவரு மாதிரியா? அவருக்காக நாம பந்தலையா பிரிச்சோம்? ஊட்டுலயே இருன்னுதானே உட்டோம்?”

“இது கவர்மெண்டு மாதிரி, வள்ளி.”

“மாதிரிதானே? கவர்மெண்டு இல்லல்ல?”

மறுநாள் டாக்டர் சிவானந்தமே லயத்துக்கு வந்தார். அம்சவள்ளியின் கோழிகளை விலக்கிச் சாக்கடையைத் தாண்டும்போது கால்சட்டையை இரண்டு விரலால் தூக்கிப் பிடித்துக்கொண்டார்.

“அம்மா, இது தியாகம் என்று நினைக்காதீர்கள். முதலீடு என்று நினையுங்கள். எங்கள் அறுவடை முடிந்ததும் முதல் விதை உங்களுக்குத்தான். உங்கள் பானையில் வேகப்போவது இனி சோளம் அல்ல, ஊட்டச்சத்துப் புரட்சி!”

“அது வர்ற வரைக்கும் பானையில என்னா சார் வேகும்?”

“அதுபற்றித் துணைக்குழு அமைக்கப்படும்” என்றார் டாக்டர்.

துணைக்குழு அமைக்கப்பட்டது. சோளமும் வெட்டப்பட்டது. வெட்டியவன் சேது. பால் பிடிக்காத பிஞ்சுக் கதிர்கள் மாட்டுக்குப் போயின. அன்றிலிருந்து வீட்டில் அம்சவள்ளி சோறு போட்டாள், குழம்பு ஊற்றினாள், பேசுவதை மட்டும் நிறுத்திவிட்டாள். மூன்றாம் வாரம் புஷ்பவள்ளியின் அடுப்பு நிழலுக்கு வந்து சேர்ந்தது.

இதற்கு ஈடாகக் கழகம் சேதுவுக்கு ஒரு பதவி கொடுத்தது: மகரந்தக் காவலர். காக்கித் தொப்பி ஒன்று, விசில் ஒன்று, இரண்டு பக்கமும் எழுத்து போட்ட கைப்பட்டை ஒன்று. பதவியேற்பில் அவன் வலது கையைச் சோளத்தண்டின்மேல் வைத்து, ‘அந்நிய மகரந்தத்தை அனுமதியேன்’ என்று சொல்லவேண்டியிருந்தது.

“சார், அந்தத் தூள் கண்ணுக்குத் தெரியுமா?”

“தெரியாது.”

“அப்ப வந்துச்சுன்னா எப்படிப் புடிக்கிறது?”

“விழிப்புணர்வோடு” என்றார் டாக்டர் சிவானந்தம்.

விழிப்புணர்வு விதிகள் வாராவாரம் கூடின. வயலுக்குள் நுழைகிறவர்களின் சட்டையை ஈரத்துணியால் துடைக்கவேண்டும். கொடிக்கம்பத்தில் கட்டிய துணி தெற்குப் பக்கம் பறந்தால் ஒரு விசில், வடக்கே பறந்தால் நீளமாக விசில். விசில் கேட்டதும் ஆபீசில் எல்லாரும் எழுந்து ஜன்னலைச் சாத்திவிட்டு உட்காருவார்கள். வயலுக்கு ஜன்னல் இல்லை என்று கலாவதி ஒரு கூட்டத்தில் நினைவூட்டினாள். அவளுடைய கருத்து பாராட்டுக்குரியது என்று குறிப்பில் எழுதப்பட்டது.

ஒருநாள் தஞ்சோங் காராங்கிலிருந்து வந்த, தோட்டத்துக் கங்காணியான மண்டோரின் மச்சான், சைக்கிள் ஹேண்டிலில் அவித்த சோளம் நாலு கதிர் மாட்டியிருந்தான். சேது விசில் அடித்து நிறுத்தினான்.

“என்னா லா இது, அவிச்ச சோளத்துக்கு எங்கேருந்து பூத்தூள்?”

“எனக்குத் தெரியாது லா. விதியில சோளம்னு எழுதியிருக்கு. அவிச்சதா அவிக்காததான்னு எழுதல.”

நாலு கதிரும் பறிமுதல் செய்யப்பட்டு இயக்குநரின் மேசைக்குப் போயின. மாலையில் சக்கை மட்டும் திரும்பி வந்தது, முறைப்படி புதைக்க.

இப்படியாகச் சோளம் வளர்ந்தது. கதிர்கள் பட்டுநூல் தள்ளுகிற வாரம் வந்தது. தண்டின் உச்சியில் ஆண்பூ விரிந்து, தூள் உதிர்ந்து, கீழே கதிரின் பட்டுநூலில் விழவேண்டிய வாரம். இத்தனை நாள் காவல் இந்த ஒரு வாரத்துக்காகத்தான் என்று கலாவதி அவனிடம் சொன்னாள். தூக்கம்கூட வரவில்லை அவளுக்கு.

அந்த வாரம்தான் பிரமுகர் வருவதாகச் செய்தி வந்தது.

எந்தப் பிரமுகர் என்று யாரும் சொல்லவில்லை. பெரியவர் என்று மட்டும் சொன்னார்கள். கழகத்தின் வரவேற்புப் பிரிவு அதிகாரி வாசு தலைநகரத்திலிருந்து வந்து இறங்கினான். வெள்ளைச் சட்டையோடு வயலுக்குள் ஒரு நடை போய்வந்தவன், தோளைத் தட்டிப் பார்த்து அலறினான்.

“என்னா இது மஞ்சளா கொட்டுது? பெரியவரு வெள்ளை உடுப்புல வருவாரு! யாரு இதுக்குப் பொறுப்பு?”

“அது பூத்தூள் சார்” என்றாள் கலாவதி. “அது கொட்டினாத்தான் மணி புடிக்கும்.”

“வேற நாள் கொட்டட்டும்.”

அன்று மாலைக்குள் வயலில் இருந்த ஆண்பூ அத்தனையும் கத்தரிக்கப்பட்டது. கலாவதி இயக்குநரின் அறைக்கு ஓடினாள். இயக்குநர் அப்போது வரவேற்புரையில் ‘பொன்னான’ என்ற சொல்லைப் போடுவதா ‘பொன்னொளி வீசும்’ என்று போடுவதா என்ற சிக்கலில் இருந்தார். தொந்தரவு செய்யவேண்டாம் என்று வாசலில் சொல்லிவிட்டார்கள்.

மறுநாள் காலை ஒரு லோரி வந்தது. தஞ்சோங் காராங் பக்கத்திலிருந்து. லோரி நிறைய, வேரோடு பிடுங்கி வாளித் தண்ணீரில் நிறுத்திய ஊர்ச் சோளம். உச்சியில் பூ விரிந்து சிரித்துக்கொண்டிருந்தது. வயலின் தலைமாட்டில் பெரிய வளைவு ஒன்றும், வரப்பு முழுக்கத் தோரணமும் கட்டச் சொல்லி வாசு ஆர்டர் கொடுத்திருந்தான். வாழைமரம் கட்டலாமே என்று மண்டோர் கேட்டதற்கு, இது சோள விழா, வாழை விழா இல்லை என்றான். சொந்த வயலின் சோளத்தை ஏன் கட்டவில்லை என்றால், அதில் பூ இல்லையே, பார்க்க மொட்டையாக இருக்கிறதே என்றான்.

சேது தன் வாழ்நாளில் அவ்வளவு பலமாக விசில் அடித்ததில்லை. லோரிக்கு முன்னால் போய்க் கையை விரித்து நின்றான்.

“நவுரு லா!” என்றான் வாசு.

“சார், ஊர்ச் சோளம் சார். உள்ள விடமாட்டேன்னு சத்தியம் பண்ணியிருக்கேன். என் பொண்டாட்டி சோளத்தயே இந்தக் கையாலதான் வெட்டினேன்!”

“அது பயிர். இது அலங்காரம்.”

“ரெண்டுலயும் பூ ஒண்ணுதானே சார்?”

வாசு மிகுந்த பொறுமையோடு விளக்கினான். “இந்தாங்க, புரிஞ்சுக்குங்க. மகரந்தம் மரபியல் பிரிவு. தோரணம் வரவேற்புப் பிரிவு. என் பிரிவு சாமான்ல மகரந்தம் இருக்கக்கூடாதுன்னு யாரும் எனக்கு எழுதித் தரல. நீங்க ரெண்டு பிரிவுக்கு நடுவுல நிக்கிறீங்க.”

சத்தம் கேட்டு டாக்டர் சிவானந்தம் வெளியே வந்தார். லோரியைப் பார்த்தார். தோரணத்தைப் பார்த்தார். கண் கலங்கியது.

“கண்கொள்ளாக் காட்சி!” என்றார். பிறகு சேதுவைப் பார்த்து, “விசிலை விழா முடியும்வரை பையில் வைத்துக்கொள்ளுங்கள். பெரியவருக்கு அதிரும் சத்தம் ஆகாது.”

பெரியவர் அன்று வரவில்லை. மறுநாள் என்றார்கள். தோரணம் வாடியதால் மறுநாள் புது லோரி வந்தது. மறுநாளும் அவர் வரவில்லை. மூன்றாவது லோரி வந்தது. கடலிலிருந்து நல்ல காற்று. வளைவிலிருந்தும் வரப்பிலிருந்தும் மஞ்சள் தூள் புகைபோலக் கிளம்பி, மொட்டையாக நின்ற வயல் முழுவதும் இறங்கியது. கொடிக்கம்பத் துணி படபடத்தது. சேது பழக்கதோஷத்தில் பைக்குள் கையை விட்டு விசிலைத் தொட்டுப் பார்த்தான். கலாவதி எலி அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். அங்கேதான் குளிர்ச்சியாக இருந்தது.

வார முடிவில் பெரியவருக்கு அம்பாங் பெச்சாவில் ஒரு பாலத் திறப்பு வந்துவிட்டதாகவும், அறுவடைக்குக் கட்டாயம் வருவதாகவும் தகவல் கிடைத்தது.

அறுவடைக்கு வந்தார். பந்தல் போட்டு, நடுவில் கலாவதியின் வெளிச்சப் பெட்டியை வைத்தார்கள். கண்ணாடி மூடியும் அடியில் விளக்குமாக ஒரு மரப்பெட்டி. மணிகளை அதன்மேல் பரப்பிப் பார்த்தால் தரம் தெரியும். முதல் நாள் கலாவதி அதைத் துடைத்துக்கொண்டே சேதுவிடம் சொல்லியிருந்தாள்:

“நம்ம மணியா இருந்தா வெளிச்சத்தை உள்ள விடாதுண்ணே. சுண்ணாம்புக் கட்டி மாதிரி இருட்டா நிக்கும். ஊர்ச் சோளம்தான் கண்ணாடி மாதிரி பளபளன்னு எரியும்.”

பெரியவர் முன்னிலையில் டாக்டர் சிவானந்தம் ஒரு கை மணியை அள்ளிப் பரப்பி, சுவிட்சைத் தட்டினார்.

எல்லா மணியும் எரிந்தது. ஒன்று பாக்கியில்லை. தீபாவளிக் கடைத்தெரு மாதிரி ஜொலித்தது. பெரியவர் “வாஹ்!” என்று கைதட்டினார். பந்தல் முழுவதும் கைதட்டியது. கைதட்டல் கேட்டதும் டாக்டர் சிவானந்தத்துக்கு எழுதிவைத்த உரை மறந்து, இதயத்திலிருந்து பேச்சு வந்தது.

“பாருங்கள்! புரதம் ஒளிர்கிறது! இருளில் கிடந்த தானியத்துக்கு நாங்கள் ஒளி கொடுத்தோம்! உங்களில் சிலர் கேட்கலாம், புரதத்தை நீ கண்டாயா என்று. நான் கேட்கிறேன், காணவேண்டிய அவசியம் என்ன? நிர்வாகம் சரியாக இருந்தால் விஞ்ஞானம் தானாகக் கீழ்ப்படியும்! இந்தக் கழகம் ஒருபோதும் முடிவுகளுக்காகக் காத்திருந்ததில்லை. முடிவுகள்தாம் எங்களுக்காகக் காத்திருந்தன!”

விருந்து முடிந்ததும் கலாவதி அவர் காதருகே குனிந்தாள். “டாக்டர், எரியறது நல்லதில்ல. அத்தனையும் ஊர்ச் சோளமா போயிருச்சு. தோரணத்துப் பூத்தூள்.”

டாக்டர் பல்குத்தியை வாயிலிருந்து எடுத்தார். “பெரியவர் கைதட்டினாரா இல்லையா?”

“தட்டினாரு.”

“தட்டிய கையைத் திரும்பப் பிரிக்க முடியுமா, மிஸ் கலாவதி?”

அடுத்த வாரம் தொழில்நுட்பக் குழு கூடி, வெளிச்சப் பெட்டிச் சோதனையின் அளவுகோலை ‘இக்காலத் தேவைக்கேற்பச் செம்மைப்படுத்தியது’. இனி எரிகிற மணி உயர்தரம். எரியாதது கழிவு. அறுவடையில் பெரும்பகுதி சின்னக் கண்ணாடிக் குப்பிகளில் அடைக்கப்பட்டு நினைவுப் பரிசாகப் பல அலுவலகங்களுக்குப் போனது. மறுபடி விதைத்தால் மறுபடி காவல் போடவேண்டும், சாதனையைச் சாதனையாகவே வைத்திருப்பதுதான் மரியாதை என்று கழகம் முடிவெடுத்தது.

அம்சவள்ளி ஆபீஸ் வாசலுக்கு வந்து நின்றாள். சேதுவோடுதான் பேசவில்லையே தவிர, மற்றவர்களோடு நன்றாகப் பேசினாள்.

“மொத விதை எனக்குத்தான்னு சொன்னீங்களே சார்? மரத்தடியில அவ எண்ணெய்ச் சட்டி கொதிக்குது. தெனம் பஸ்ஸுல போறப்ப பாக்குறேன். என் வயிறும்தான் கொதிக்குது.”

டாக்டர் சிவானந்தம் வானத்தைப் பார்த்தார். உயர்தரச் சோளத்தை ஊர்ச் சோளத்தின் கையில் கொடுப்பது முறையல்ல என்று ஏதோ சொல்ல ஆரம்பித்தார். வாசுதான் குறுக்கே புகுந்து காப்பாற்றினான்.

“டாக்டர், வெளிநாட்டுலேருந்து ஒப்பிட்டுப் பார்க்க ஆள் வர்றாங்க. நம்மது உயர்ந்ததுன்னா, பக்கத்துல தாழ்ந்தது ஒண்ணு வேணுமே? ஊர்ச் சோளம் இந்தத் தோட்டத்துல ஒரு தண்டு இல்ல. எல்லாத்தையும் வெட்டிட்டோம்.”

இப்படித்தான் லயத்துப் பின்பக்கம் அம்சவள்ளிக்குத் திரும்பக் கிடைத்தது. அங்கே ஒரு பலகை நட்டார்கள்: ‘தரம் தாழ்ந்த சோளம் – ஒப்பீட்டுக்கு மட்டும்’.

“பலகை கெடக்கட்டும். விதைக்கு எங்க போவேன்? பச்சையிலயே வெட்டிப் போட்டுட்டீங்களே” என்றாள்.

வாசு ஸ்டோருக்குப் போனான். குப்பிகளில் அடைத்தது போக மிஞ்சியிருந்த கழகத்துச் சோளத்தில் ஒரு டின்னை எடுத்து, ‘உயர்தரம்’ என்ற சீட்டைக் கிழித்துவிட்டுக் கொடுத்தான்.

சோளம் வளர்ந்தது. யாரும் விசில் அடிக்கவில்லை. எந்தப் பெரியவரும் வருவதாகச் சொல்லவில்லை. அதனதன் பூ அதனதன் கதிரில் விழுந்தது. ஒப்பீட்டுக்கென்று கொஞ்சம் கதிரைக் காயவிட்டு, மிச்சத்தை இளசாகவே ஒடித்துப் பானையில் போட்டுக்கொண்டு அம்சவள்ளி பஸ் ஏறினாள். முதல் நாள் புஷ்பவள்ளியின் அடுப்புக்குப் பக்கத்தில், பாதி நிழலிலும் பாதி வெயிலிலுமாகப் பானையை வைத்தாள்.

“ஏ, இது என் எடம் லா” என்றாள் புஷ்பவள்ளி.

“ஒன் எடம்தான். நான் ஒப்பீட்டுக்கு மட்டும் வந்திருக்கேன்.”

சாயந்திரத்துக்குள் பானை காலி. மறுவாரம் புஷ்பவள்ளி தானாகவே அடுப்பைக் கொஞ்சம் நகர்த்தினாள். அன்று இரவு அம்சவள்ளி சேதுவிடம், “கொழம்புல உப்பு பத்துதா?” என்று கேட்டாள். எட்டு மாதத்துக்குப் பிறகு அவள் பேசிய முதல் வார்த்தை. உப்பு பற்றவில்லை. பற்றுகிறது என்றான்.

வெளிநாட்டு ஆள்கள் வரவில்லை. ஆனால் ஒப்பீட்டு நாள் குறித்தாகிவிட்டதால் ஒப்பீடு நடந்தது. கலாவதி அம்சவள்ளியின் காய்ந்த கதிர்களை உதிர்த்து வெளிச்சப் பெட்டியில் பரப்பினாள். முக்கால்வாசி மணி எரிந்தது. கால்வாசி எரியவில்லை. சுண்ணாம்புக் கட்டி மாதிரி இருட்டாக நின்றது. கலாவதி ஒரு மணியை எடுத்து நகத்தால் கீறிப் பார்த்தாள். இன்னொன்றையும் கீறிப் பார்த்துவிட்டுச் சேதுவைக் கூப்பிட்டாள்.

“அண்ணே, வந்துருச்சு. போன தடவை ஒரு பக்கத்துலேருந்து மட்டும் வந்து ஒளிஞ்சிருந்தது, இப்ப ரெண்டு பக்கமும் சேந்து தலைகாட்டிருச்சு. இதுதான் அது. நாம தேடினதே இதுதான்!”

டாக்டர் சிவானந்தம் பெட்டியைப் பார்த்தார். முகம் மலர்ந்தது.

“பார்த்தீர்களா ஊர்ச் சோளத்தின் லட்சணத்தை! நாலில் ஒன்று இருண்டு கிடக்கிறது. எங்கள் சோளத்தில் ஒன்றுகூட இருண்டதில்லை. இதைவிட என்ன சான்று வேண்டும்?”

“டாக்டர், இருண்டதுதான்...”

“குழு செம்மைப்படுத்திய அளவுகோல், மிஸ் கலாவதி. நீங்களும் கையெழுத்துப் போட்டிருக்கிறீர்கள்.”

கழிவு மணிகளைப் பொறுக்கி அப்புறப்படுத்தும்படி மகரந்தக் காவலருக்கு உத்தரவானது. சேது உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் பொறுக்கினான். ஒரு பால் டின் நிறையத் தேறியது. உத்தரவில் எங்கே போடுவது என்று இல்லாததால் வீட்டுக்குக் கொண்டு போனான்.

மறுநாள் விடிந்ததும் கலாவதி முதல் பஸ்ஸைப் பிடித்து நேராக லயத்துக்கே வந்துவிட்டாள். “அக்கா, அந்த டின்னு எங்கக்கா? அண்ணன் கொண்டு வந்தாரே?”

“அந்தச் சொத்தைச் சோளமா? நேத்தே போட்டுட்டேனே” என்றாள் அம்சவள்ளி.

கழகம் எண்பத்தேழில் மூடப்பட்டது. அதுவரை அது விளைவித்த உயர்தரப் புரதச் சோளம் மொத்தம் அந்த ஒரு பால் டின்தான். அதை அம்சவள்ளியின் கோழிகள் தின்றன.